பயறுக்கு வேண்டும் துத்தநாகம்

(உலகப் பயறு நாளான பிப்ரவரி 10-ஆம் நாளன்று, காவிரிப் பாசனப் பகுதி விவசாயிகள் கூட்டமொன்றில் ஓய்வு பெற்ற வேளாண்மை அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஐக்கிய நாடுகள் சபை 2016-ஆம் ஆண்டைப் பயறு வகைகளுக்குரிய சர்வதேச ஆண்டாக அறிவித்தது. அதனைத் தொடர்ந்து 2019 முதல் ஆண்டுதோறும் பிப்ரவரி 10-ஆம் நாள் உலகப் பயறு நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. காவிரிப் பாசன விவசாயிகளாகிய நமக்கு இந்த நாள் மிகவும் பொருத்தமாக அமைந்திருக்கிறது. சம்பா அறுவடைக்கு ஏழு அல்லது பத்து நாட்களுக்கு முன்பு நீங்கள் நெல் வயலில் தெளித்த உளுந்தும் பச்சைப் பயறும் இப்போது நெல் தாள்களுக்கிடையே நான்கு வாரப் பயிராக நிற்கின்றன. இன்னும் சில நாட்களில் அவை பூக்கத் தொடங்கும். பயிரின் குறையைக் கண்டறிந்து திருத்துவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஆகவே இன்று நான் சொல்லப் போவதை நாளைக் காலையிலேயே நீங்கள் வயலில் சோதித்துப் பார்க்கலாம்.

நான் பேச எடுத்துக்கொண்டது துத்தநாகம் என்னும் ஊட்டத்தைப் பற்றி. துத்தநாகம் நமக்குப் புதிய பொருளன்று. பித்தளைக் குடத்தில் செம்போடு கலந்திருப்பது அதுவே. இரும்பு வாளி துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் பூசியிருப்பதும் அதுவே. குடத்திலும் வாளியிலும் இருக்கும் இந்த உலோகம் உளுந்துச் செடிக்கும் வேண்டும், நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் வேண்டும்.

என் தவறு ஒன்று

முதலில், நான் பணியிலிருந்த காலத்தில் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைமடைப் பகுதியில் ஒரு சிற்றூர். அண்ணன் தம்பி இருவர், தந்தையார் விட்டுச் சென்ற ஒரே வயலை நடுவில் வரப்பிட்டுப் பிரித்துக்கொண்டு பயிர் செய்து வந்தார்கள். ஒரு சித்திரைப் பட்டத்தில் இருவரும் இறவை உளுந்து விதைத்தார்கள். அண்ணன் தம் வீட்டுக் குதிரில் வைத்திருந்த பழைய விதையை விதைத்தார். தம்பி, மனைவியின் வளையலை அடகு வைத்து, நல்ல மகசூல் தரும் என்று பேசப்பட்ட புதிய இரகத்தின் விதையை வாங்கி விதைத்தார்.

ஒரு மாதம் சென்றபின் தம்பி என்னைத் தேடி வந்தார். அவர் வயலில் செடிகள் குட்டையாக நின்றன. இலைகள் சிறுத்து, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகிப் பழுப்பேறியிருந்தது. வரப்புக்கு அந்தப் புறத்தில் அண்ணனுடைய உளுந்தோ ஓரளவு நன்றாகவே இருந்தது. நான் மேலெழுந்தவாரியாகப் பார்த்துவிட்டு, இது மஞ்சள் தேமல் நோய் என்று சொன்னேன். வெள்ளை ஈயை ஒழிக்க மருந்து தெளிக்கச் சொன்னேன். அதோடு நில்லாமல், செடி வலுவின்றி இருக்கிறது, அடுத்த பட்டத்தில் சூப்பர் பாஸ்பேட்டைச் சற்றுக் கூட்டி இடுங்கள் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் என் சொல்லை நம்பி அப்படியே செய்தார். அடுத்த பட்டத்தில் பயிர் முன்னிலும் மோசமாயிற்று. அப்போது அவர் என்னிடம் கேட்ட கேள்வி இன்றும் என் காதில் ஒலிக்கிறது. "ஐயா, மண் ஒன்று, தண்ணீர் ஒன்று, வரப்புதான் இரண்டு. அப்படியிருக்க என் உளுந்து மட்டும் ஏன் ஐயா சாக வேண்டும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. மண்ணை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிய பிறகே விடை கிடைத்தது. இரு வயல்களிலும் பயிருக்குக் கிட்டும் துத்தநாகம் மிகக் குறைவு. அண்ணனுடைய பழைய இரகம் அந்தப் பஞ்சத்தைத் தாங்கிக்கொண்டது, தம்பியின் புதிய இரகம் தாங்கவில்லை. நான் கூட்டி இடச் சொன்ன மணிச்சத்து, இருந்த கொஞ்சம் துத்தநாகத்தையும் செடிக்கு எட்டாமல் செய்துவிட்டது. வெள்ளை ஈ மருந்துக்குச் செலவழித்த பணம் முழுவதும் வீண்.

நண்பர்களே, இத்தகைய தவறு என்னைப் போன்றவர்களுக்கு மட்டும் நேர்வதன்று. வடநாட்டில் இமயமலை அடிவாரத்துத் தராய்ப் பகுதியில் நெற்பயிர் பழுப்பேறி மடிந்தது. 'கைரா' என்று அழைக்கப்பட்ட அதனைப் பலரும் ஒரு தொற்றுநோய் என்றே கருதினர். பந்த்நகர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பயிர் நோய் நிபுணராக இருந்த டாக்டர் ஒய். எல். நெனே, அது கிருமியால் வருவதன்று, துத்தநாகக் குறையால் வருவது என்று 1966-இல் உலகுக்கு அறிவித்தார். நோய் என்று எண்ணி மருந்து தெளிப்பதற்கு முன், இது பசியாக இருக்குமோ என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதே அவர் கண்டுபிடிப்பு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

சிறிய அளவு, பெரிய பணி

செடிக்குத் துத்தநாகம் இன்றியமையாதது என்பதை 1926-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் சாம்மர் அம்மையாரும் லிப்மன் என்பவரும் வாற்கோதுமை, சூரியகாந்தி ஆகிய பயிர்களில் ஐயமற நிரூபித்தனர். செடியின் உடலில் நடைபெறும் எண்ணற்ற மாற்றங்களைச் செய்யும் நொதிகள் பலவற்றுக்குத் துத்தநாகம் உறுப்பாக இருக்கிறது. தண்டு நீளவும் இலை விரியவும் தூண்டுகின்ற ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி உண்டாவதற்கு அது வேண்டும். அது குறைந்தால் கணுவுக்குக் கணு இடைவெளி சுருங்கும், இலை சிறுக்கும், செடி குட்டையாகும்.

பயறு வகைகளுக்கு இதில் மேலும் இரண்டு காரியங்கள் உண்டு. பயறுச் செடியின் வேர் முடிச்சுகளில் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள் குடியிருந்து காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்த்துத் தருகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். துத்தநாகம் குறைந்தால் வேர் முடிச்சுகள் குறைகின்றன, அவற்றின் உழைப்பும் தளர்கிறது. அடுத்தது, மகரந்தம். துத்தநாகம் குறைந்த செடியில் மகரந்தம் வலுவிழந்து கருவுறுதல் கெடுகிறது என்பதை மைசூர்ப் பருப்பு என்று நாம் அழைக்கும் பயிரில் இந்திய ஆய்வாளர்கள் 2006-இல் எடுத்துக்காட்டினர். ஆகவே செடி பசுமையாகத் தோன்றினாலும் காய் பிடிக்காமற் போகலாம். இதனை மறைபசி என்று சொல்லலாம்.

இத்தனைக்கும் செடி எடுத்துக்கொள்ளும் அளவு மிகவும் சொற்பம். ஒரு கிலோ பயறில் சாதாரணமாக 30 மில்லிகிராம் அளவுக்கே துத்தநாகம் இருக்கும். ஓர் ஏக்கரில் 300 கிலோ உளுந்து விளைந்தால், அந்த மணிகள் அனைத்திலும் அடங்கிய துத்தநாகம் பத்து கிராமுக்கும் குறைவு. இந்தப் பத்து கிராம் கிடைக்காமையால் ஒரு குடும்பத்தின் பட்டத்து வருமானம் போய்விடுகிறது.

பெட்டகம் இருக்கிறது, பூட்டியிருக்கிறது

அப்படியானால் நம் நிலத்தில் பத்து கிராம் துத்தநாகம்கூட இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நிலத்தில் நிரம்ப இருக்கிறது. சாதாரண மண்ணில் பத்து இலட்சம் பங்குக்கு ஏறத்தாழ 50 பங்கு துத்தநாகம் உண்டு. ஓர் ஏக்கர் நிலத்தின் அரை அடி ஆழத்து மேல்மண் சுமார் 900 டன் எடை இருக்கும். அதில் 40 கிலோவுக்கு மேல் துத்தநாகம் அடங்கியிருக்கிறது. ஆனால் அதில் மிகப் பெரும்பகுதி பாறைத் துகளோடும் களிமண்ணோடும் சுண்ணாம்போடும் பிணைந்து கிடக்கிறது. வேருக்குக் கிட்டும் நிலையில் இருப்பது சில நூறு கிராம் மட்டுமே. நிலமாகிய பெட்டகம் நிறைந்திருக்கிறது, ஆயினும் பூட்டியிருக்கிறது.

பூட்டுவன எவை? முதலாவது, சுண்ணாம்பும் காரத்தன்மையும். களர் நிலங்களிலும் சுண்ணாம்புச் சத்து மிகுந்த நிலங்களிலும் துத்தநாகம் கரைவதில்லை. இரண்டாவது, நீண்ட நாள் நீர் தேங்கி நிற்பது. நெல் வயலில் துத்தநாகக் குறை அடிக்கடி தோன்றுவதற்கு இது ஒரு காரணம். மூன்றாவது, அளவுக்கு மிஞ்சிய மணிச்சத்து. நான்காவது, தொழு உரமும் தழையுரமும் இடாமல் மண்ணின் உயிர்ப்பொருள் குன்றுவது. ஐந்தாவது, நிலத்தைச் சமன் செய்யும்போது மேல்மண்ணை வழித்துவிடுவது. இயந்திரத்தைக் கொண்டு மேட்டை வெட்டிச் சமன்படுத்திய இடத்தில் மட்டும் பயிர் திட்டாக மஞ்சளிப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

அகில இந்திய அளவில் சோதிக்கப்பட்ட மண் மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் துத்தநாகம் போதாது என்று கண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்தப் பங்கு அதனினும் மிகுதி. ஆகவே இது எங்கோ ஒரு மூலையில் உள்ள குறையன்று, நம் பெரும்பாலோர் வயலிலும் இருக்கக்கூடியது.

ஒரே மண்ணில் இரு இரகங்கள்

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். ஒரே மண்ணில் ஓர் இரகம் தாங்க, மற்றோர் இரகம் ஏன் வாடுகிறது? இதே கேள்வியை அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து விவசாயிகளும் கேட்டார்கள். அங்கே ஏரிப்படுகையாக இருந்து நிலமாகிய சுண்ணாம்பு மண் பகுதியில் வெள்ளை நிறமுள்ள சிறு பீன்ஸ் பெருவாரியாகப் பயிராகிறது. நம் மலைப்பகுதியில் விளையும் பீன்ஸும் கடைகளில் வாங்கும் ராஜ்மாவும் இதே இனத்தைச் சேர்ந்தவையே. மிச்சிகன் பல்கலைக்கழகம் ஒன்று 1956-இல் சானிலாக் என்னும் இரகத்தை வெளியிட்டது. கொடி ஓடாமல் புதராக நிற்கும் நல்ல இரகம். ஆனால் துத்தநாகம் குறைந்த வயல்களில், அதிலும் சர்க்கரைவள்ளி போல் கிழங்கு தரும் சர்க்கரை பீட்ரூட்டுக்குப் பின் விதைத்த வயல்களில், அது மஞ்சளித்துக் குன்றியது. சாகினா என்னும் மற்றோர் இரகமோ அதே நிலையைத் தாங்கி நின்றது. இவ்விரு இரகங்களுக்கும் உள்ள இந்த வேற்றுமையின் காரணத்தை ஆம்ப்ளர், பிரவுன் என்னும் இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1969-இல் வெளியிட்டனர்.

பீட்ரூட்டுக்குப் பின் ஏன் குறை மிகுந்தது? பயறுச் செடியின் வேரோடு கூட்டு வாழ்வு நடத்தும் வேர் உட்பூசணம் என்ற ஒன்று உண்டு. அதன் மெல்லிய இழைகள் வேர் எட்டாத இடத்திலிருந்தும் துத்தநாகத்தைக் கொணர்ந்து தரும். பீட்ரூட் அந்தப் பூசணத்துக்கு இடம் கொடுக்காத பயிர். ஆகவே அடுத்து வரும் பீன்ஸுக்கு மண்ணில் அந்தத் துணை குறைந்துவிடுகிறது.

இரகத்துக்கு இரகம் வேறுபாடு உண்டாவதற்குக் காரணங்கள் பல. சில இரகங்களின் வேர் மெல்லியதாகப் பரந்து அதிக மண்ணைத் துழாவுகிறது. சிலவற்றின் வேர் தன்னிடமிருந்து அமிலப் பொருள்களைக் கசியவிட்டு, பிணைந்து கிடக்கும் துத்தநாகத்தைக் கரைக்கிறது. வேறு சில, கிடைத்த சிறிதளவைக்கொண்டே இலையில் நடைபெறும் வேலைகளைச் செட்டாக நடத்திக்கொள்கின்றன. ஒரே பெட்டகத்துக்கு ஒவ்வோர் இரகமும் தனித்தனிச் சாவி வைத்திருக்கிறது என்று சொன்னால் தவறாகாது. இந்தத் திறன் பரம்பரையாக வருவது. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் ஆய்வாளர்கள் மாட்டர்ஹார்ன் என்னும் தாங்கும் இரகத்தையும், டி-39 என்னும் தாங்காத இரகத்தையும் ஒட்டுச் சேர்த்துப் பார்த்து, அந்தத் தாங்கும் குணத்தை ஒரே ஒரு மரபணு ஆள்கிறது என்று 2002-இல் அறிவித்தனர். ஆகவே புதிய இரகங்களை உருவாக்குவோர் இந்தக் குணத்தையும் தேர்ந்து சேர்க்க வழியிருக்கிறது.

இரகம் மட்டும் போதுமா?

இதைக் கேட்டவுடன், தாங்கும் இரகத்தைக் கொடுத்துவிடுங்கள், துத்தநாகம் வாங்கும் செலவு மிச்சம் என்று நினைக்கத் தோன்றும். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். தாங்கும் இரகம் பஞ்சத்தில் பிழைக்கத் தெரிந்த இரகம். பஞ்சத்தையே அது நீக்கிவிடாது. ஒவ்வோர் அறுவடையிலும் மண்ணில் எளிதில் கிட்டும் துத்தநாகத்தை அது எடுத்துக்கொண்டுதான் இருக்கும். நாம் திரும்ப ஒன்றும் கொடுக்காவிட்டால், ஒரு நாள் அந்த இரகமும் கைவிடும்.

மற்றொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். துத்தநாகம் குறைந்த மண்ணில் நன்கு வளரும் இரகமும், மணியில் துத்தநாகத்தை மிகுதியாகச் சேர்க்கும் இரகமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டும் வெவ்வேறு குணங்கள். மணியில் ஊட்டம் செறிந்த இரகங்களும் இப்போது வந்திருக்கின்றன. கான்பூரிலுள்ள இந்தியப் பயறு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி 2018-இல் வெளியான ஐ.பி.எல். 220 என்னும் மைசூர்ப் பருப்பு இரகத்தில் பத்து இலட்சத்துக்கு 51 பங்கு துத்தநாகம் இருக்கிறது. வழக்கமான இரகங்களில் இது 35 முதல் 40 பங்கு வரையே. ஆனால் இத்தகைய இரகமும் மண்ணில் இருப்பதைத்தான் மணியில் சேர்க்க முடியும். இல்லாத இடத்திலிருந்து எதைக் கொண்டுவரும்?

ஆகவே நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் ஒரே செய்தி இதுதான்: பயிர் வாடினால் இரகத்தை மட்டும் குறை கூறாதீர்கள், மண்ணையும் கேளுங்கள். மண்ணைத் திருத்துங்கள், அதன் பிறகு இரகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வயலில் கண்டறிவது எப்படி?

நாளைக் காலையில் வயலுக்குச் செல்லும்போது நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். துத்தநாகக் குறையாயின், வயலில் திட்டுத்திட்டாக, அந்தத் திட்டிலுள்ள எல்லாச் செடிகளும் ஒன்றுபோலக் குன்றியிருக்கும். இலை சிறுத்து, நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளிறியும் பின் பழுப்பாகவும் தோன்றும். மஞ்சள் தேமல் நோயாயின், நல்ல செடிகளுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக, பளிச்சென்ற மஞ்சளும் பச்சையும் ஒழுங்கின்றிக் கலந்த இலைகளோடு செடிகள் நிற்கும், இலையின் அடியில் வெள்ளை ஈக்கள் இருக்கும். இரும்புச் சத்துக் குறையாயின், உச்சியிலுள்ள இளந்தளிர் மட்டும் வெளுத்திருக்கும். தழைச்சத்துக் குறையாயின், அடியிலுள்ள முதிர்ந்த இலை முழுதும் சீராக மஞ்சளிக்கும்.

கண் பார்வை ஐயத்தைத் தரும், ஐயத்தைத் தீர்ப்பது மண் பரிசோதனை. 2015-இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தின்படி தரப்படும் அட்டையில் துத்தநாகத்தின் அளவும் குறிக்கப்படுகிறது. தழை, மணி, சாம்பல் சத்துக்களின் வரியோடு நம்மில் பலர் படிப்பதை நிறுத்திவிடுகிறோம். இனிமேல் துத்தநாகம் என்ற வரியையும் படியுங்கள். இந்தியாவில் பொதுவாக 0.6 பங்குக்குக் குறைந்தால் குறை என்று கொள்கிறார்கள். தமிழ்நாட்டு மண்ணுக்கு 1.2 பங்கு என்னும் வரம்பு வழக்கத்தில் இருக்கிறது.

செய்ய வேண்டுவன

குறை உறுதியானால் மருந்து எளியது. ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட் போதும். அதனை 20 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து சீராகத் தூவ வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டுடனோ டி.ஏ.பி.யுடனோ சேர்த்துக் கலக்கக் கூடாது. மணிச்சத்தும் துத்தநாகமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டுமே பயிருக்குக் கிட்டாமற் போகும்.

நெல் தரிசில் உளுந்து தெளிக்கும் நமக்கு ஒரு சங்கடம் உண்டு. நாம் உழுவதில்லை, அடியுரம் இடுவதுமில்லை. நிற்கும் நெல்லில் விதையைத் தெளித்துவிட்டு வருகிறோம். அப்படியானால் துத்தநாகத்தை எப்போது இடுவது? நெல்லுக்கு இடுங்கள். சம்பா நடவுக்கு முன் கடைசியாகச் சமன் செய்த சேற்று வயலில் மேலாகத் தூவுங்கள். நெல்லும் பயன் பெறும், அடுத்து வரும் உளுந்தும் பயன் பெறும். ஒரு முறை இட்டது அடுத்த இரண்டு மூன்று பயிர்களுக்கும் உதவும். ஆகவே ஒவ்வொரு பயிருக்கும் இட வேண்டிய தேவையில்லை. அளவுக்கு மிஞ்சி இடுவதும் கேடு.

அந்தச் சிங்க் சல்பேட்டை நன்கு மக்கிய தொழு உரத்தோடு கலந்து, ஈரம் காயாமல் ஒரு மாதம் மூடி வைத்து இட்டால் இன்னும் நல்லது. தொழு உரம் துத்தநாகத்தை மண் விரைவில் பிணைத்துவிடாமல் காக்கும்.

இப்போது வயலில் நிற்கும் பயிருக்கு என்ன செய்வது? இலை வழியாகக் கொடுக்கலாம். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ சிங்க் சல்பேட்டைக் கரையுங்கள். அரைக் கிலோ நீர்த்த சுண்ணாம்பைத் தனியாகக் கரைத்து, தெளியவைத்து வடிகட்டி, அதனோடு சேருங்கள். சுண்ணாம்பு சேராவிட்டால் இலை கருகும். மாலை நேரத்தில், இலை நன்கு நனையத் தெளியுங்கள். பத்து நாட்கள் கழித்து மற்றொரு முறை தெளிக்கலாம். பூக்கும் சமயத்தில் நீங்கள் தெளிக்கும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசலை இதனோடு ஒரே தொட்டியில் கலக்க வேண்டாம். சில நாட்கள் இடைவெளி விட்டுத் தனியே தெளியுங்கள்.

கடையில் வாங்கும்போது எச்சரிக்கை தேவை. விலை மலிவான மெக்னீசியம் சல்பேட்டைச் சிங்க் சல்பேட் என்று விற்போர் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் வெள்ளைப் படிகங்களாகவே இருக்கும். சிறிது டி.ஏ.பி.யை நீரில் கரைத்து வடிகட்டி, அதில் நீங்கள் வாங்கியதன் கரைசலை ஊற்றிப் பாருங்கள். திப்பித்திப்பியாகக் கெட்டியான படிவு உண்டானால் அதில் சிங்க் சல்பேட் இருக்கிறது. மெக்னீசியம் சல்பேட்டாயின் அவ்வாறு உண்டாகாது. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் வேளாண்மை அலுவலரிடம் கொடுத்து உரச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

வயலிலிருந்து வட்டிலுக்கு

தாய்மார்களே, இது ஆடவர் வயலில் பேசிக்கொள்ளும் விஷயம் என்று எண்ணாதீர்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், உப்புச் சர்க்கரைக் கரைசலோடு 14 நாட்களுக்குத் துத்தநாக மாத்திரையும் கொடுக்கச் சொல்லி சுகாதார நிலையத்தில் தருகிறார்கள் அல்லவா? உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-இல் கூறிய யோசனைப்படி நடைபெறுவது அது. மாத்திரையை இடையில் நிறுத்திவிடாமல் சொன்ன நாள்வரை கொடுங்கள்.

மனிதருக்குத் துத்தநாகக் குறை உண்டு என்பதைக் கண்டறிந்தவர் பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத். ஈரான் நாட்டில் வளர்ச்சி குன்றிய இளைஞர்களைக் கண்டு 1961-இல் எழுதிய அவர், பின்னர் எகிப்தில் ஆராய்ந்து, அதற்குத் துத்தநாகக் குறை காரணம் என்று 1963-இல் காட்டினார். அவர்கள் தானியத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்தவர்கள். நாள்தோறும் ஆடவருக்கு 17 மில்லிகிராமும் பெண்டிருக்கு ஏறத்தாழ 13 மில்லிகிராமும் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வரையறுத்திருக்கிறது. சோற்றை மட்டும் உண்டு இதனைப் பெறுவது கடினம். சோற்றோடு பயறும் சேர வேண்டும்.

பயறில் துத்தநாகம் இருந்தாலும், அதிலுள்ள ஃபைட்டிக் அமிலம் என்ற பொருள் அதனை உடல் ஏற்காதவாறு பிடித்து வைக்கும். ஊறவைத்தாலும் முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் அந்தப் பிடி தளரும். அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து அரைத்துப் புளிக்கவைத்து இட்லி செய்யும் நம் வழக்கம் இவ்வகையில் மிகவும் சிறந்தது. பச்சைப் பயறை முளைகட்டிக் குழந்தைகளுக்குக் கொடுப்பதும் அப்படியே. வயலில் துத்தநாகம் இட்டவர் மகசூலை மட்டும் பெருக்கவில்லை, தம் வீட்டு இட்லிக்கும் ஊட்டம் சேர்க்கிறார்.

நான்கு பாத்தி

முடிக்குமுன் ஊராட்சித் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓர் இரகம் நம் ஊர் மண்ணுக்கு ஏற்றதா என்பதை ஆராய்ச்சி நிலையம் முழுவதும் சொல்லிவிட முடியாது. நம் மண்தான் சொல்ல வேண்டும். அடுத்த சித்திரைப் பட்டத்தில், ஊருக்குப் பொதுவாக எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒரு சிறு நிலத்தை எடுத்து நான்கு பாத்திகளாகப் பிரியுங்கள். இரண்டில் உங்கள் ஊரில் நெடுங்காலமாக விதைக்கும் இரகம், இரண்டில் புதிய இரகம். ஒவ்வோர் இரகத்திலும் ஒரு பாத்திக்குத் துத்தநாகம் இடுங்கள், மற்றொன்றுக்கு இட வேண்டாம். மற்ற உரமும் நீரும் நான்குக்கும் ஒன்றுபோல் இருக்கட்டும். அறுவடையில் தனித்தனியே அடித்து, தனித்தனியே எடை போட்டு, ஊராட்சிக் கரும்பலகையில் எழுதி வையுங்கள். துத்தநாகம் இட்டதும் எந்த இரகம் எழுந்தது, இடாமலே எது நின்றது என்பதை ஊரார் அனைவரும் காண்பார்கள். அந்த நான்கு எண்கள் என்னுடைய இந்தச் சொற்பொழிவைவிட அதிகப் பயன் தரும்.

அந்தச் சகோதரர்கள் என்ன ஆனார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அடுத்த சம்பாவில் இருவரும் நெல்லுக்குச் சிங்க் சல்பேட் இட்டார்கள். தம்பி மணிச்சத்தை அளவோடு நிறுத்திக்கொண்டார். மறு சித்திரையில் நான் சென்று வரப்பின்மீது நின்று பார்த்தேன். இரு புறமும் உளுந்து இடைவெளியின்றி மூடி நின்றது. தம்பியின் புதிய இரகம் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "இனிமேல் யாராவது கேட்டால் முதலில் மண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள், ஐயா" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னதை இன்று உங்களிடம் சேர்த்துவிட்டேன். நாளைக் காலையில் உங்கள் உளுந்து வயலில் இறங்கி, இலையைத் திருப்பிப் பாருங்கள்.